செத்த இரைக்கு வந்த ஷூக்கா

"ஷூக்காவுக்கு, தான் முழுங்குறது உசுரோட இருக்கா செத்துப்போச்சான்னு தெரியுமாம்மா?"

லரியோன் இதைக் கேட்டபோது அவனுக்கு ஐந்து வயது. அகாஃபியா அடுப்படியில் உட்கார்ந்து ஒரு ஷூக்கா மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தாள். வாத்து மூக்கும் நாய்ப்பல்லும் உள்ள நீண்ட மீன். அதன் வயிற்றுக்குள் பாதி கரைந்த ஒரு குட்டி மீன் கிடந்தது. பையன் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான். அவள் வாய் திறப்பதற்குள், வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அவன் அப்பா தெரெந்தி மூலையிலிருந்து பதில் சொன்னான்.

"செத்ததத் திங்கறது காக்காடா. ஷூக்கா ஏரிக்கு ராசா. ராசாவுக்கு உசுரோடதான் படைக்கணும்."

அந்த வீட்டில் அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது. பெய்ப்ஸி ஏரிக்கரையில், வெங்காயத்தையும் மீனையும் பழைய முறை ஜெபத்தையும் தவிர எதையும் நம்பாத அந்த ஊரில், தெரெந்தியின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஏளனம் அவனுக்குத் தாடியைப் போலத் தானாக வளர்ந்தது. கரண்டி வடிவத் தகரத் துண்டைப் பளபளக்க ஆட்டி மீன் பிடிப்பவர்களைக் "கரண்டிக்காரனுங்க" என்பான். முதுகில் முள்ளுள்ள குஞ்சை இரையாகக் கோப்பவனிடம், "முதல்ல உன் தொண்டையில அத இறக்கிக் காட்டு, பாக்கறேன்" என்பான். அவனுடைய இரை கெண்டைக்குஞ்சு. ஏரி உறைவதற்கு முன்பே களத்துக் குட்டையில் கூடை போட்டுப் பிடித்து, நிலவறையில் ஒரு மரப்பீப்பாயில் விட்டுக் குளிர்காலம் முழுக்க வளர்ப்பான். தண்ணீர் மாற்றுவான், ரொட்டித் தூள் போடுவான். பெற்ற மகனிடம் அப்படிக் குழைந்து பேசியதில்லை என்று அகாஃபியா சொல்வாள். முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலை மட்டும் பிடித்து, எலும்பில் படாமல் தூண்டில் முள்ளைக் கோப்பான். பனிக்கட்டிக்கு அடியில் பகலெல்லாம் நீந்தினாலும் பொழுது சாய்ந்து வாளிக்குத் திரும்பும்போது அவன் குஞ்சு வாலடிக்கும்.

அவனுடைய ஏளனத்தின் அடிமட்டத்தில் இருந்தவன் ஸவ்வா. தாடி மழிப்பது பாவமான அந்த ஊரில் அவன் தாடியை மழித்தவன். வேற்று மொழி பேசுகிற எஸ்தோனியக்காரியைக் கட்டி, அவளை அவளுடைய கோயில் கல்லறையில் புதைத்துவிட்டுத் தனியாக இருக்கிறவன். எல்லாவற்றுக்கும் மேலாக, செத்த மீனை இரையாகப் போடுகிறவன். எண்ணெய்ப் பசையுள்ள சிறிய வெள்ளிமீனை வாங்கி உப்பில்லாமல் உறையவைத்து, அதைத் தூண்டிலில் கட்டி ஏரித் தரையில் படுக்க வைப்பான். தெரெந்தி அவனுக்குப் "பொணங்கட்டி" என்று பெயர் வைத்தான். ஊருக்கு அது பிடித்துப் போயிற்று.

வெறும் பெயரோடு நின்றிருந்தால் போகட்டும். தானாகச் செத்ததைத் தின்பது அவர்களுக்குத் தீட்டு. போன அறுவடைக்குப் பிறகு ஜெபவீட்டில் நடந்த ஒரு நினைவு விருந்தில், ஸவ்வா தன் கையால் சுட்ட மீன் ரொட்டியைக் கொண்டுவந்தான். ஷூக்காவை முழுசாக மாவுக்குள் பொதிந்து சுட்டது. தெரெந்தி ஜெபவீட்டு மூத்தவர் கிப்ரியானிடம் எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்டான்.

"செத்ததத் திங்கக்கூடாதுன்னு விதி இருக்கா இல்லையா, பெரியவரே?"

"இருக்கு."

"செத்ததத் தின்ன மீனை?"

கிப்ரியான் நல்லவர். ஆனால் உரக்கப் பேசுகிறவர்களிடம் அவருக்கு அச்சம் உண்டு. அப்படி ஒரு விதி எங்கும் இல்லை என்று அவருக்குத் தெரியும். "யோசிக்கணும்" என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு ஃபெவ்ரா அந்தத் தட்டைத் துணியோடு தூக்கிக் கதவோரப் பெஞ்சில், ஈரக் கையுறைகள் கிடக்கும் இடத்தில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விருந்துக்கும் ஸவ்வாவே தன் தட்டை அந்தப் பெஞ்சில் வைத்தான். யாரும் தொடமாட்டார்கள். நிறைந்த தட்டை நிறைந்தபடியே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அந்தப் பெஞ்சைக் கடக்கும்போது பாவாடையை ஒதுக்கிக்கொண்டு போனவர்களில் அகாஃபியாவும் ஒருத்தி.

லரியோன் வளர்ந்து, பட்டணத்தில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் செத்துப்போனான். அவனுடைய முதல் வருஷ நினைவு நாள் பெருநோன்புக்கு முந்தின வெண்ணெய் வாரத்தின் சனிக்கிழமையில் வந்தது. அந்த வாரம் இறைச்சி ஆகாது. மேசைக்கு மீன்தான் வேண்டும். அதுவும் செத்தவனின் வீட்டார் ஏரியில் தம் கையால் பிடித்த மீன். கடையில் வாங்கிய மீனை நினைவு மேசையில் வைப்பதும், கூலிக்கு ஆள் வைத்து அழுவதும் அந்த ஊருக்கு ஒன்றுதான்.

அந்த வாரம் பார்த்து ஏரி வாயை மூடிக்கொண்டது.

தெரெந்தி நாணல் விளிம்பில் துளைகள் போட்டான். ஒவ்வொரு துளையிலும் ஒரு கொடித்தூண்டில். வளைத்துச் செருகிய எஃகுப் பட்டையின் நுனியில் சிவப்புத் துணி. மீன் இழுத்தால் பட்டை விடுபட்டுத் துணி நிமிரும். அவன் பெட்டியின் மேல் உட்கார்ந்து, வெள்ளை வெளியில் ஒரு சிவப்பு நிமிராதா என்று கண் எரியப் பார்த்தான். ஒன்றும் நிமிரவில்லை. மாலையில் கெண்டைக்குஞ்சுகள் போனது போலவே திரும்பி வந்தன, காற்று வாங்கப் போய்வந்தவை போல.

"இதுங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. தெனம் கூட்டிட்டுப் போய் ஏரியச் சுத்திக் காட்டிட்டு வர்ற" என்றாள் அகாஃபியா.

"வாய மூடுடி. காத்து திரும்பட்டும்."

"காத்து திரும்பறதுக்குள்ள சனிக்கிழமை வந்துரும்."

வியாழக்கிழமை அவள் தேநீர்க் குடுவையும் சூடான அப்பமும் எடுத்துக்கொண்டு பனிக்கட்டிமேல் நடந்து போனபோது, ஸவ்வா தெரெந்தியின் அருகில் நின்றிருந்தான். அவன் இடுப்பில் ஒரு தகரக் கோப்பை தொங்கியது. அடுத்தவர் கோப்பையில் அவனுக்கு யாரும் ஊற்றமாட்டார்கள் என்பதால் தன்னுடையதைத் தானே சுமந்து திரிந்தான். ஊற்றச் சொல்லிக் கேட்டதில்லை.

"அண்ணே, தண்ணி கெட்டுக் கெடக்கு. எல்லாம் மூச்சு முட்டி ஆழத்துல படுத்திருக்கு. ஓடுற எரையத் தொரத்த அதுக்கு இப்பத் தெம்பில்ல."

"வந்து உன் காதுல சொல்லிச்சாக்கும்."

"வாசம் புடிச்சு மெள்ள வரும்ணே. படுத்துக் கெடக்கறதத்தான் எடுக்கும்."

"படுத்துக் கெடக்கறத நரியும் எடுக்கும். கழுகும் எடுக்கும். நீயும் எடுப்ப."

அகாஃபியா சிரித்தாள். ஒரு வருஷமாகச் சிரிக்காத உதட்டுக்கு, அடுத்தவனை இளப்பமாகப் பார்த்துச் சிரிப்பது இதமாக இருந்தது. கடவுள் அவளை மன்னிக்கட்டும்.

ஸவ்வாவும் சிரித்தான். "எடுப்பேண்ணே. பசிக்குமில்ல."

"இந்த வித்தைய எவன் சொல்லிக் குடுத்தான்? உன் மாமனாரா?"

"அவருதான்."

"அப்ப அங்கயே போய்க் காட்டு. இங்க தாடி வச்ச மனுசங்க இருக்கோம்."

ஸவ்வா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான். "பையனோட நாளுன்னு கேள்விப்பட்டேன். என் பெட்டியில ஒண்ணு கெடக்கு, நல்ல நீளம். எடுத்துக்கங்கண்ணே."

தெரெந்தி எழுந்து நின்றான். குளிரில் சிவந்திருந்த அவன் முகம் இன்னும் சிவந்தது. "எம் மவன் மேசையில உன் பொணந்தின்னிய வைக்கச் சொல்றியா? போடா. என் தொளைக்குப் பக்கத்துல நிக்காத, நாத்தம் எறங்கும்."

ஸவ்வா போனான். ஆழமான பக்கத்தில், நாணல் முடிந்து தரை சரியும் இடத்தில், தன் துளைகளுக்கு அருகே போய் உட்கார்ந்தான். அகாஃபியா கணவனுக்குத் தேநீர் ஊற்றினாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் ஸவ்வாவின் கொடி ஒன்று நிமிர்ந்தது. தெரெந்தி முதுகைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் காலை அந்த முதுகு திரும்பவே மறுத்துவிட்டது. துளைக்கும் கடப்பாரையைத் தூக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். அகாஃபியா அவனை, ஆள் படுக்கும் அளவுள்ள இளஞ்சூடான அடுப்பு மேடையில் ஏற்றிப் படுக்கவைத்து, சூடான உப்பு மூட்டையை இடுப்பில் கட்டினாள்.

"நான் எந்திரிச்சிருவேன்" என்றான்.

"எந்திரி பாக்கலாம்."

அவன் எழவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில், "அவன் மேசை வெறுமனே கெடக்குமா அகாஃபியா?" என்று கேட்டான். அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள்.

கிணற்றடியில் ஃபெவ்ரா காத்திருந்தாள். இப்படிப்பட்ட நாட்களில் அவளுக்கு எப்போதும் தண்ணீர் தேவைப்படும்.

"என்னக்கா, நாளைக்கு மீன் ரொட்டியா, பால்கட்டி ரொட்டியா?"

"மீன்தான்."

"புடிச்சாச்சா?"

"புடிப்போம்."

"பெரிய தூண்டில்காரரு வீடாச்சே. ஊர்ல ஒருத்தர்கிட்டக் கேட்டாத் தரமாட்டாங்களா? ஆனா கேக்க வாய் வரணுமே. எல்லாரையும் ஏசித் தீர்த்த வாயாச்சே." அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாமல், திருப்தியாக நடந்து போனாள்.

அகாஃபியா கெண்டைக்குஞ்சு வாளியை எடுத்துக்கொண்டு ஏரிக்கு இறங்கினாள். வாளியில் பழந்துணி போட்டு மூடியிருந்தாள். காற்று இல்லை. வானம் கழுவாத பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. இரவில் மூடியிருந்த துளைகளைக் கடப்பாரையால் உடைத்து, மிதந்த பனித்துண்டுகளை அரிகரண்டியால் அள்ளினாள். கணவன் செய்வதைப் போலவே தோலைப் பிடித்து முள்ளைக் கோத்தாள். காத்திருந்தாள். உள்ளங்கால் செத்துப்போயிற்று. எதுவும் நிமிரவில்லை.

சற்றுத் தள்ளி ஸவ்வா தன் துளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து வரவில்லை. நேற்றுச் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவளே நடந்து போனாள். என்ன கேட்பது என்று தெரியாமல் திட்டினாள்.

"பாத்துக்கிட்டே உக்காந்திருக்கியே, பல்லுல கல்லு மாட்டின மாதிரி. ஒரு வார்த்த பேசக் கூடாதா?"

"பக்கத்துல வந்தா நாத்தம் எறங்கும்னு அண்ணன் சொன்னாருக்கா."

"அவருக்கு முதுகு போச்சு. படுத்திருக்காரு."

"ஐயோ" என்றான். உண்மையாகவே சொன்னான். பெட்டியைத் திறந்தான். "எடுத்துக்கங்க. நேத்துப் புடிச்சதுதான்."

"அது உன் நூல்ல வந்தது. எங்க நூல்ல வரணும். மேசைக்கு முன்னால நின்னு, எங்க கையால புடிச்சதுன்னு நான் சொல்லணும். எம் புள்ளைக்கு."

ஸவ்வா அவளைப் பார்த்தான். பிறகு பெட்டியின் ஓரத்திலிருந்து துணியில் சுற்றிய ஒரு வெள்ளிமீனை எடுத்து நீட்டினான். அது விறைத்திருந்தது. அவள் கை பின்வாங்கியது. அவன் அதைக் கவனிக்காதது போலத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு காட்டினான்.

"மொதல்ல கக்கத்துல வச்சு இளக்கணும். வெறைச்சது எண்ணெய் விடாது. இளகினதும் வயித்துல ஊசியால ஒரு குத்து. இல்லன்னா உள்ளாற இருக்கற காத்து மேல தூக்கிரும். பக்கத்துல ரெண்டு கீறல், வாசம் போக. இப்ப முள்ள இங்க, நடுவுல. பாருங்க, தூக்கினா எப்பிடித் தொங்குது? தலைகீழாத் தொங்குனா ஒரு மீனும் நம்பாது. படுத்த வாக்குல நிக்கணும், தூங்கற மாதிரி. வால ஒரு நூலால இப்பிடிக் கட்டிக்கங்க."

"நானா கட்டணும்?"

"உங்க கையால புடிச்சதுன்னு சொல்லணும்னா நீங்கதான கட்டணும்."

அவள் கட்டினாள். வெள்ளிமீன் அவள் விரல்களில் வெள்ளரிக்காய் வாசம் விட்டது. அவள் நினைத்திருந்த வாசம் அதில் இல்லை. ஆழமான பக்கத்தில், சரிவு தொடங்கும் இடத்தில் அவன் அவளுக்கு ஒரு புதுத் துளை போட்டுக் கொடுத்தான். தெரெந்தியின் நூல், அதைச் சுற்றிய தெரெந்தியின் கட்டை, தெரெந்தியின் சிவப்புத் துணி. ஈயக்குண்டு ஏரித் தரையைத் தொட்டு நூல் தளர்ந்ததும் ஒரு விரற்கடை மட்டும் இழுத்துவிட்டாள். பிறகு இருவரும் தள்ளி நின்றார்கள். குடுவையில் தேநீர் இருந்தது. அவள் அவன் தகரக் கோப்பையை நீட்டச் சொல்லி ஊற்றினாள். தான் குடிக்கும் குடுவை மூடியில் ஊற்றித் தர அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. அவன் இரண்டு கைகளாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

கொடி நிமிர்ந்தது.

"ஓடாதீங்க! கொஞ்சம் போக விடுங்க. செத்தத எடுக்கறது யோசிச்சு எடுக்கும், தலைப்பக்கமாத் திருப்பித்தான் முழுங்கும். கட்டை நின்னு மறுபடி சுத்தட்டும்... இப்ப! இப்ப இழுங்க!"

அவள் இழுத்தாள். அடியில் யாரோ கதவைச் சாத்துவது போல் ஒரு கனம். நூல் கையுறையை அறுத்தது. இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். கடைசியில் அந்த வாத்து மூக்கு துளையில் நிமிர்ந்தது. ஸவ்வா கையை உள்ளே விட்டுச் செவுளைப் பிடித்து வெளியே எறிந்தான். பெரியது. வயிறு மஞ்சள், முதுகு பாசி. பனியில் கிடந்து வாயைத் திறந்து மூடியது.

அகாஃபியா அங்கேயே முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். எழுந்தபோது, ஸவ்வா குறடை அதன் தொண்டைக்குள் விட்டு வெள்ளிமீனை நூலோடு உருவி எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதைப் பார்த்தாள்.

"ஒரு கெண்டக்குஞ்சு குடுங்கக்கா."

"எதுக்கு?"

"அண்ணன் வாயத் தொறந்து பாப்பாரு."

அவள் கொடுத்தாள். அவன் முள்ளை அந்தக் குஞ்சின் முதுகுத் தோலில் தெரெந்தியின் முறைப்படி நேர்த்தியாகக் கோத்து, ஷூக்காவின் தொண்டைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டான்.

"ஏன் ஸவ்வா இப்பிடிப் பண்ற? நாளைக்கு இதே மீன வச்சு ஒன்னையேதான் ஏசுவாரு."

"ஏசுவாரு. எப்பவும் ஏசறதுதான." அவன் குறடைப் பனியில் துடைத்தான். "பையன் போனதுலேர்ந்து அண்ணன் நல்லாத் தூங்கியிருக்க மாட்டாரு. நாளைக்கு ஒருநாள் ஜெயிச்சாருன்னு இருக்கட்டும். யார்கிட்டயும் சொல்லிறாதீங்கக்கா."

வீட்டில் தெரெந்தி உண்மையிலேயே வாயைத் திறந்து பார்த்தான். அடுப்பு மேடையிலிருந்து பாதி எழுந்து, விளக்கைக் கொண்டுவரச் சொல்லி, விரலை உள்ளே விட்டான். கெண்டைக்குஞ்சைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. இடுப்புகூடச் சற்று நிமிர்ந்தது.

"சொன்னேனா? ராசாடி! ராசாவுக்கு உசுரோட வைக்கணும். அந்தப் பொணங்கட்டி இதப் பாக்கணும்." கண்ணில் நீர் வந்தது. "லரியோனு, உங்கப்பன் கொண்டாந்துட்டேண்டா" என்றான்.

அகாஃபியா மாவைப் பிசைந்தாள். கோபமும் இரக்கமும் ஒரே மாவில் பிசைபட்டன. வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி மீனின் மேல் பரப்பி, ஓரங்களை ஈர விரலால் அழுத்தி மூடினாள்.

சனிக்கிழமை ஜெபம் முடிந்து ஜெபவீட்டிலேயே மேசை போட்டார்கள். தேன் கலந்த கோதுமை, அப்பங்கள், பழக்கூழ், நடுவில் அகாஃபியாவின் மீன் ரொட்டி. தெரெந்தி ஊன்றுகோலோடு வந்து மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தான். ஸவ்வா தன் தட்டைக் கதவோரப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கடைசி இடத்தில் உட்கார்ந்தான். அவன் ரொட்டி தடித்துக் கோணலாக இருந்தது. பெண்கள் பார்த்து முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"சாப்பிடுங்க" என்றான் தெரெந்தி. "இது சுத்தமான மீன். உசுரோட எரைக்கு வந்தது. வாய்க்குள்ளாறயே இருந்தது என் குஞ்சு, நானே பாத்தேன். டேய் ஸவ்வா, நீயும் தின்னு பாரு. ஊத்தை திங்காத மீனு எப்பிடி இருக்கும்னு ஒனக்கு எங்க தெரியப்போகுது."

மேசை சிரித்தது. ஃபெவ்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிப்ரியான் தன் கிண்ணத்துக்குள் பார்த்தார். அகாஃபியா எழுந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தெரெந்தியும் பார்த்தான், ஒரு வருஷத்தில் முதல்முறையாகத் தலை நிமிர்ந்த முகத்தோடு.

ஸவ்வா ஒரு துண்டை எடுத்து மெதுவாக மென்றான்.

"நல்லாருக்குண்ணே" என்றான். "இப்பிடி ஒரு மீன நான் தின்னதில்ல. லரியோனுக்குப் பரலோகம் கெடைக்கட்டும்."

அகாஃபியா தேநீர்ப் பானையை எடுக்க எழுந்தவள் போல அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஸவ்வா சீக்கிரமே கிளம்பினான். தூண்டில்களைப் பார்க்க வேண்டும் என்றான். கதவோரம் ஃபெவ்ராவும் மற்றவர்களும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கண்முன்னால் நிறைந்த தட்டைத் தூக்க அன்றைக்கு அவனால் முடியவில்லை போலும். வெறுங்கையோடு வெளியே போனான்.

பாத்திரம் கழுவும் முறை வருஷ நாள் வீட்டாருடையது. மற்றவர்கள் தெரெந்தியைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். போகும் வழியெல்லாம் அவன் குரல் கேட்டது. அகாஃபியா கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கதவோரப் பெஞ்சுக்குப் போய், ஈரக் கையுறைகளை ஒதுக்கி, துணியை விலக்கினாள். ரொட்டி ஆறிப் போயிருந்தது. ஓரம் சரியாக ஒட்டாமல் ஒரு பக்கம் கருகியிருந்தது. ஆண்பிள்ளை கை. ஒரு துண்டை உடைத்து, நின்றபடியே, சிலுவை போட்டுக்கொண்டு தின்றாள். உப்பு கூடுதல். இன்னொரு துண்டும் தின்றாள்.

மிச்சத்தை அதே துணியில் முடிந்து, தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்பக்கமாகக் கல்லறைக்குப் போனாள். பனி முழங்கால் வரை இருந்தது. அவள் தன் ரொட்டியிலிருந்து மகனுக்கென்று ஒதுக்கிய துண்டு வீட்டு அலமாரியில் இருந்தது. அதை எடுத்துவர அவள் போகவில்லை. லரியோனின் சிலுவையடியில் பனியைக் கையால் தட்டிச் சமமாக்கி, ஸவ்வாவின் ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைத்தாள்.

"சாப்பிடு கண்ணு" என்றாள்.

குருவிகள் பிர்ச் மரத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. எலும்பு மட்டும் மிஞ்சும் வரை அவள் நின்றாள். எலும்பைப் பனியில் புதைத்தாள்.

ஸவ்வா வீட்டில் ஆள் இல்லை. தெரு வெறிச்சென்று கிடந்தது. அகாஃபியா தட்டைப் பனியால் தேய்த்து, பாவாடை ஓரத்தால் துடைத்து, துணியை மடித்து அதன்மேல் வைத்து, அவன் வாசற்படியில் வைத்துவிட்டு வெங்காயத் தோட்டத்து வழியாக நடந்தாள். அவன் நாய் கொட்டகையிலிருந்து வெளியே வந்து தட்டை முகர்ந்தது. நாக்கை ஒருமுறை ஓட்டிப் பார்த்தது. நக்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.